போட்டதையெல்லாம் தின்னும் துப்பாக்கி

பெய்ஷெனாலி அண்ணன் எனக்குக் கூலியாகச் சொன்னது ஒரு குதிரை. இரண்டு குளிர்காலம் அவருடைய மந்தையை மலையில் வைத்துப் பார்த்துக்கொண்டால், நெற்றியில் வெள்ளை விழுந்த அந்தச் செம்மண் நிறப் பெட்டை எனக்கு. சுட்டி என்றுதான் நாங்கள் அதைக் கூப்பிட்டோம். கைமாறும் நாள் நோரூஸ், வசந்தத்தின் முதல் நாள். அதுவரை அது அவருடையது, அதற்குப் பிறகு என்னுடையது. இரண்டாவது குளிர்காலத்தில் சுட்டி சினையாக இருந்தது. புல் முளைக்கும் சமயத்தில் குட்டி ஈனும். குட்டியோடு ஒரு பெட்டை இருந்தால் பால் இருக்கும், பாலைப் புளிக்கவைத்துச் சாலையோரம் விற்கலாம், நாளடைவில் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். அடுத்தவன் மந்தைக்குப் பின்னால் நடக்க வேண்டியதில்லை. நானும் என் மனைவி சல்கினும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து பேசியது முழுக்க இதுதான். வேறு பேச்சு எங்களிடம் இல்லை.

இரண்டாவது குளிர்காலம் பாதி போனபோது அவை இறங்கின. ஓநாய் என்று இங்கே எழுதிவிடலாம். மந்தைக்குப் பக்கத்தில் நின்று வாயால் சொல்ல மாட்டோம், சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். நாய் என்போம். அது என்போம். மேல் பள்ளத்தாக்கில் ஒருவருடைய குதிரைக்குட்டிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாதியைத் தின்னாமலே எங்கள் பக்கம் வந்திருந்தன. பனியில் தடம் பார்த்தேன். ஒன்றின் தடத்தில் இன்னொன்று கால் வைத்து, ஒரே விலங்கு போனதுபோல வரிசையாக. தடம் பிரிகிற இடத்துக்கு வந்த பிறகுதான் எத்தனை என்று தெரிந்தது.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி அத்-பாஷி ஊரில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுநாளே பெய்ஷெனாலி அண்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார். ரொட்டி, சர்க்கரை, சல்கினுக்கு ஒரு கம்பளிச் சால்வை. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. வந்ததும் கட்டிப்பிடிப்பார், வீட்டில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி விசாரிப்பார். நான் பாமீர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், ஊரில் பலர் என் பெயரைக் கேட்டுக்கொண்டதே இல்லை. அவர் முதல் நாளே கேட்டார்.

ஜீப்பின் பின் இருக்கையில் கம்பளத்தில் சுற்றி அந்தத் துப்பாக்கி இருந்தது. ரஷ்யத் துப்பாக்கி, நீளமானது. விசையை அழுத்த அழுத்தத் தானே காலித் தோட்டாவை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றிக்கொள்கிற வகை. ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் நடக்கவில்லை. வீட்டுக்கு எதிரே இருந்த பாறையைப் பார்த்து ஒன்று சுட்டுக் காட்டினார். காலித் தோட்டா பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டு நின்றது. கையால் பிடித்து இழுத்துத் தட்டிவிட்டு மறுபடி சுட்டார். மறுபடி அதே.

"பாத்தியா கப்பார்? ஒண்ணு சுடணும், அப்புறம் கையால இழுக்கணும். நாய் ஒண்ணா வருது? கூட்டமா வருது. நான் கைப்பிடியப் புடிச்சு இழுத்துக்கிட்டு நின்னா, மத்ததெல்லாம் உக்காந்து எனக்கு டீ ஊத்திக் குடுக்குமா?"

"வேற தோட்டா போட்டுப் பாத்தீங்களாண்ணே?"

"மூணு வகை வெச்சிருக்கேன். கடைல வாங்கினது நல்லாத்தான் ஓடுது. அதை வெச்சு நாயச் சுட எனக்கென்ன கிறுக்கா? அது மலையாட்டுக்கு. வேட்டைக்கு விருந்தாளிங்க வருவாங்க இல்ல." ஒரு சாக்குப் பையைத் தூக்கிக் காட்டினார். "நாய்க்கு இது போதும்."

பைக்குள் பழைய பட்டாளத்துத் தோட்டா, பச்சை வண்ணம் பூசினது, நான் பிறப்பதற்கு முன்னால் செய்ததாக இருக்கும். அதோடு கலந்து, நரின் ஊரில் ஒரு கிழவர் காலி ஓடுகளில் வெடிமருந்து நிரப்பித் தருகிற தோட்டாக்கள். மருந்து விலை ஏறிய பிறகு அவர் கை சுருங்கிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"மேய்ப்பனும் துப்பாக்கியும் ஒண்ணுடா," என்று என் தோளில் தட்டினார். "போட்டதத் தின்னணும். அது பிடிக்கல, இது செரிக்கலன்னா யாரு வெச்சுக் காப்பாத்தறது? ஒன் மைத்துனன் எல்லைல ஆயுதக் கொட்டடில இருந்தவன்தானே. வரச்சொல்லு அவனை."

டோலோத் சல்கினுக்குத் தம்பி. எல்லைக் காவலில் துப்பாக்கி பழுதுபார்க்கிற இடத்தில் இருந்துவிட்டு, இப்போது கடைத்தெருவில் கார் சைலன்சருக்குப் பற்றவைக்கிற வேலை. வாய் அவனுக்கு ஓயாது. மறுநாள் மதியம் யாரோ ஒருவருடைய குதிரையில் வந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மச்சான், இன்னும் உயிரோடதான் இருக்கியா? எங்கக்கா சமையலைத் தின்னும் தாங்கறியே, பாமீர்க்காரனுக்கு வயிறு தோல்லயா தச்சது?"

"ஒனக்கு அதுவும் கெடையாது இன்னிக்கு," என்றாள் சல்கின் உள்ளேயிருந்து. "வேலைய முடிச்சுட்டு உள்ள வா."

துப்பாக்கியை மேசைத் துணியின்மேல் வைத்துப் பிரித்தான். பிரித்தவன் விரலை மூக்கருகில் கொண்டுபோய் மோந்தான். பிறகு என் மூக்கருகே நீட்டினான். ஆட்டு வால் கொழுப்பு.

"அண்ணே, இதுல கொழுப்பு பூசினது யாரு?"

"நான்தான்," என்றார் பெய்ஷெனாலி அண்ணன். "எங்கப்பா அவர் துப்பாக்கிக்கு அதைத்தான் பூசினாரு. துரு அண்டாது."

"துரு அண்டாது. ஈ மொய்க்கும். இந்தக் குளிர்ல கொழுப்பு ஒறஞ்சு, உள்ள இருக்கற இரும்பு சேத்துல மாட்டின வண்டி மாதிரி நகருது. வெங்காயம் நறுக்கிப் போட்டா ராத்திரிக்குக் கறியே ஆக்கிடலாம்."

அண்ணனும் சிரித்தார். அன்றைக்கு எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொழுப்பை எல்லாம் துடைத்தெடுத்தான். துவண்டுபோன ஸ்பிரிங்கை மாற்றினான், அவனே கொண்டுவந்திருந்தான். பிறகு குழாயின் முன்பக்கம் அடியில் இருந்த ஒரு சின்ன வளையத்தைக் காட்டினான். அது திரும்பவே மாட்டேன் என்று ஒட்டிக்கிடந்தது. எண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஒரு தோட்டாவின் அடிவிளிம்பை அதன் காதில் கொடுத்துத் திருப்பினான். படக்கென்று திரும்பியது.

"இங்கதான் நோயே. வெடிக்கும்போது கொஞ்சம் கேஸ் இந்த வழியா வந்து உள்ள இருக்கற தண்டைப் பின்னால தள்ளும். தண்டு தள்ளினாத்தான் காலி வெளிய போவும், புதுசு உள்ள வரும். இந்த வளையத்துல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. ஓட்டை தெறந்திருந்தா பாதி கேஸ் வெளிய ஓடிடும், தண்டு மெதுவாத் தள்ளும். மூடினா மொத்தமும் தண்டுக்குப் போவும், வேகமாத் தள்ளும். ஒங்களுது தெறந்தபடியே துருப்புடிச்சுப் போயிருந்துச்சு. நல்ல தோட்டாவுக்கு அது சரி. இந்தக் கிழட்டுத் தோட்டா எதைத் தள்ளும்?"

"அப்ப மூடியே வெச்சுடு," என்றார் அண்ணன்.

"வெக்கலாம். அப்புறம் நல்ல தோட்டாவப் போட்டுச் சுடுவீங்க, உள்ள இரும்பும் இரும்பும் சம்மட்டி அடிக்கற மாதிரி அடிச்சுக்கும். ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் ஏதாவது தெறிக்கும். ஒங்க கண்ணு அதுக்கு நேராத்தான் இருக்கு."

வெளியே ஓடைப்பக்கம் போய்ச் சுட்டுப் பார்த்தோம். சுடுவதில் அவனுக்கு ஒரு முறை இருந்தது. துப்பாக்கியின் அடியில் மாட்டுகிற தோட்டாப் பெட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் போடுவான். சுட்ட பிறகு, தோட்டா ஏறுகிற வாயை மூடித் திறக்கிற போல்ட் பின்னால் போய்த் திறந்தபடி நின்றால் தண்டு முழுசாகத் தள்ளியிருக்கிறது. நிற்காமல் முன்னால் வந்து மூடிக்கொண்டால் போதவில்லை. அதோடு காலி எங்கே விழுகிறது என்று என்னைப் பார்க்கச் சொன்னான். கடைத் தோட்டாவின் காலி, வளையம் திறந்திருக்கும்போது ஓர் ஆள் தூரத்தில் விழுந்தது. மூடினால் ஓடையைத் தாண்டிப் போய் விழுந்தது, துப்பாக்கியும் அவன் தோளைக் குதிரை உதைத்ததுபோலத் தள்ளியது. பச்சைத் தோட்டாவின் காலி, திறந்திருந்தால் முழுசாக வெளியே வரவே இல்லை, மூடினால் சரியாக ஓர் ஆள் தூரம். கிழவருடைய தோட்டாக்கள் மூடினாலும் பத்தில் ஒன்று முரண்டு பிடித்தன. பையில் மிச்சமிருந்த அவருடைய தோட்டாக்களை எல்லாம் பொறுக்கி எடுத்து ஓடையில் எறிந்தான் டோலோத். அண்ணன் முகம் சுருங்கியது.

நான் பனியில் குனிந்து குனிந்து காலிகளைப் பொறுக்கினேன். கை மரத்துப்போய்விட்டது. ஆனால் சந்தோஷமாக இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் குதிரைகள் காலால் பனியைக் கிளறிப் புல் தேடிக்கொண்டிருந்தன. வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் மற்றவை தலையைத் தூக்கின. சுட்டி தூக்கவில்லை. அதற்குத் தின்பதில்தான் கவனம், இரண்டு உயிருக்கு.

உள்ளே வந்ததும் சல்கினிடம் நகப்பூச்சு கேட்டான் டோலோத். கல்யாணத்துக்கு வாங்கினது, பெட்டியின் அடியில் கிடந்தது. வளையத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தான்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்குங்க. செவப்பு மேல தெரிஞ்சா மூடியிருக்குன்னு அர்த்தம். தெரியலன்னா தெறந்திருக்கு. கடைத் தோட்டாவுக்குத் தெறந்து வைங்க. பச்சைக்கு மூடுங்க. ரொம்பக் குளிர்னாலும் மூடுங்க. நம்ம அடுப்புத் தகடு மாதிரிதான். குளிருக்கு மூடுவோம் இல்ல? அவ்வளவுதான்."

"அடுப்பைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்றார் அண்ணன். "நான் பொறந்ததே அடுப்பு மூலைல."

எங்கள் வீடுகளில் நிலக்கரி அடுப்பு. புகைக்குழாயின் நடுவில் ஓர் இரும்புத் தகடு இருக்கும். நெருப்பு மூட்டும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும். கரி எரிந்து நீலச் சுடர் எல்லாம் அடங்கி, செக்கச்செவேல் என்று ஆன பிறகு தகட்டை உள்ளே தள்ளி மூடினால் சூடு வீட்டிலேயே தங்கும். சிவப்பதற்கு முன்னால் மூடுகிறவன் கரிப்புகையில் மூச்சடைத்துக் காலையில் எழுந்திருக்க மாட்டான். இது எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும்.

டோலோத் போய்விட்டான். அண்ணன் தங்கிவிட்டார். செத்த ஆடு ஒன்றை ஓடைக்கு மேலே பாறையடியில் போட்டு வைத்தோம். விடிவதற்கு முன்னால் எழுந்து போய் மேட்டில் படுத்துக்கொள்வோம். அவரிடம் தோல் கோட்டு இருந்தது, என்னிடம் சல்கின் பஞ்சு வைத்துத் தைத்தது. முதல் இரண்டு காலையும் காக்கைகள்தான் வந்தன. அண்ணன் கதை சொல்லிக்கொண்டு கிடந்தார். நோரூஸுக்குச் சுட்டியின் கயிற்றை என் கையில் கொடுக்கும்போது ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"சும்மா குடுக்க மாட்டேன்டா. நாலு பேரு பாக்கணும். பாமீர்லேருந்து வெறுங்கையோட வந்தவன், பெய்ஷெனாலிகிட்ட வேலை பாத்து எப்படி ஆனான்னு தெரியணும்."

"சரிண்ணே."

மூன்றாவது காலை அவை ஆட்டுக்கு வரவில்லை. குதிரைகளுக்கு வந்தன.

வெளிச்சம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. குதிரைகள் எங்களுக்குக் கீழே ஓடையோரம் நின்றன. பொலிக்குதிரை திடீரென்று மற்றவற்றைச் சுற்றி ஓடி ஒன்றாகத் தள்ள ஆரம்பித்தது. எதிர்ச்சரிவில் பாறைகளுக்கு நடுவே சாம்பல் நிறம் நகர்ந்தது. நான் அண்ணனின் முழங்கையைத் தொட்டேன். அவர் பார்த்துவிட்டிருந்தார். துப்பாக்கியில் பச்சைத் தோட்டா, முந்தின நாள் சாயங்காலம் நான்தான் பெட்டியில் நிரப்பிக் கொடுத்திருந்தேன். வளையத்தைப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு தெரியவில்லை.

"அண்ணே, அது தெறந்திருக்கு. மூடுங்க."

"இருடா."

"பச்சைத் தோட்டாண்ணே. மூடணும்னு சொன்னானே."

"இன்னும் சூடாவல," என்றார், கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமல். "மொதல்ல ரெண்டு மூணு போவட்டும். செவக்கட்டும். அப்புறம் மூடிக்கலாம்."

அவர் சொன்னது எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவர் சுட்டுவிட்டிருந்தார்.

முன்னால் வந்த ஒன்று சுருண்டு விழுந்தது. நல்ல குறி, அதில் பொய் இல்லை. மற்றவை ஒரு கணம் நின்றன. அந்த ஒரு கணம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அவர் விசையை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. காலி ஓடு போல்ட்டின் வாயில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. கையுறையோடு அதைப் பிடுங்கப் பார்த்தார், வழுக்கியது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, பிடுங்கி, இழுத்து, மறுபடி சுட்டார். குண்டு பனியில் போய் விழுந்தது. மறுபடி ஓடு நிமிர்ந்து நின்றது.

"மூடுங்கண்ணே, மூடுங்க. என்கிட்டக் குடுங்க, நான் திருப்பறேன்."

"கைய எடு. லைசென்ஸ் என் பேர்ல இருக்கு."

எடுத்தேன். அவர் சொன்னால் கை தானாக எடுத்துக்கொள்ளும், அப்படித்தான் பழகியிருந்தது.

கீழே பொலிக்குதிரை கூட்டத்தை உடைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டியது. எல்லாம் அதன் பின்னால் ஓடின. சுட்டியும் ஓடியது. வயிற்றைச் சுமந்துகொண்டு எவ்வளவு ஓட முடியும்? ஓடைக்கரையில் பனிக்கட்டியில் கால் சறுக்கியது. எழுந்துவிட்டது. ஆனால் கூட்டம் போய்விட்டது.

நான் தடியைத் தூக்கிக்கொண்டு சரிவில் உருண்டு புரண்டு ஓடினேன். கத்தினேனா என்று தெரியவில்லை, தொண்டை அப்புறம் பல நாள் வலித்தது. மேலேயிருந்து இன்னும் ஒரு வெடி கேட்டது. ஒரே ஒன்று. நான் போய்ச் சேர்ந்தபோது அவை பாறைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தன, அவசரமில்லாமல், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

சுட்டி உட்கார்ந்திருந்தது. குதிரை அப்படி உட்காராது. பின்னங்கால் நரம்புகள் இரண்டும் போய்விட்டன. வயிற்றுக்கு அடியில் பனி சிவந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது, முன்னங்காலை ஊன்றி. கழுத்தைப் பிடித்துப் படுக்கவைத்தேன்.

பெய்ஷெனாலி அண்ணன் மூச்சு வாங்க இறங்கி வந்தார். துப்பாக்கி தோளில் தொங்கியது. பிறகு குனிந்து பார்த்தார்.

"பிழைக்காது."

"பிழைக்காதுண்ணே."

"அப்ப ஏன் பாத்துக்கிட்டு நிக்கற? உயிர் இருக்கும்போதே அறு. தானாச் செத்தா ஹராம், திங்கக் கூடாது. இவ்வளவு கறி, காக்காய்க்கா போடறது?"

கத்தி என் பூட்ஸுக்குள் எப்போதும் இருக்கும். எடுத்தேன். எடுத்துவிட்டு நின்றேன். ஒருவருடைய மிருகத்தை அவர் சொல்லாமல் அறுக்கக் கூடாது. அவர் சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கேட்கிற கேள்வி இல்லைதான்.

"அண்ணே, இது யாரு குதிரை? நோரூஸ் இன்னும் வரல."

அவர் என்னைப் பார்த்தார். யோசித்தது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் யோசித்தார் என்றால், சுட்டி இரண்டு முறை மூச்சு விட்டது, அவ்வளவுதான். பிறகு அவர் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது, நடிப்பு இல்லை. இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னுதுடா கப்பார். நோரூஸ் வரைக்கும் ஒன்னை எதுக்குக் காக்க வெக்கணும்? இந்த நிமிஷத்துலேருந்து ஒன்னுது. அல்லா சாட்சி. நான் குடுத்துட்டேன். வாக்குத் தவறினவன்னு பெய்ஷெனாலிய யாரும் சொல்லக் கூடாது."

கட்டிக்கொண்டார். அவர் கோட்டில் வெடிமருந்து வாசனை. என் கையில் கத்தி இருந்ததால் நான் திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை.

அப்படித்தான் சுட்டி என்னுடையதாயிற்று. பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன்.

சல்கின் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோலுரித்து, துண்டு போட்டு ஏற்றினோம். வயிற்றுக்குள் இருந்ததை அவள் தன் புதுச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாக ஓடைப்பக்கம் போனாள். வரும்போது சால்வை இல்லை.

வெயில் ஏறிய பிறகு டோலோத் வந்தான். அண்ணன்தான் மேட்டுக்குப் போய்ப் போன் போட்டுக் கூப்பிட்டிருந்தார். உள்ளே வந்தவன் வாசலில் கிடந்த தலையைப் பார்த்தான், நெற்றி வெள்ளையைப் பார்த்தான். அன்றைக்குக் கேலி எதுவும் வரவில்லை.

"என்னடா வேலை பாத்த?" என்றார் அண்ணன். "ஒன்னை நம்பித்தானே போனேன். ஒவ்வொரு தோட்டாவும் மாட்டுது. பாவம், இவன் குதிரை போயிடுச்சு."

இவன் குதிரை. டோலோத் என் முகத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"வளையத்த மூடினீங்களாண்ணே?"

"எப்படி மூடறது? சூடாவ வேணாமா?"

"என்னது?"

"நீதானே சொன்ன, அடுப்புத் தகடு மாதிரின்னு. செவப்புப் பொட்டு வெச்சியே. செவந்தாத்தானே மூடணும்? செவக்காம மூடுற பைத்தியக்காரன் எவனாச்சும் இருக்கானா? போன வருஷம் மேட்டுத் தெருவுல ஒரு குடும்பமே செத்தது மறந்துபோச்சா? சூடாவறதுக்குள்ள மாட்டிக்கிச்சு. நான் என்ன பண்றது?"

டோலோத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நாங்களும் போனோம். ஒரு தோட்டாவின் விளிம்பைக் கொடுத்து வளையத்தைத் திருப்பினான். சிவப்புப் பொட்டு மேலே வந்தது. அதே பையிலிருந்து பச்சைத் தோட்டா பத்தை எடுத்துப் பெட்டியில் போட்டான். நின்ற இடத்திலிருந்து பாறையைப் பார்த்து மூச்சு விடாமல் பத்தையும் சுட்டான். பத்துக் காலியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் ஆள் தூரத்தில் போய் விழுந்தன. போல்ட் பின்னால் போய்த் திறந்தபடி நின்றது. மலை கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"குளிராவே மூடினேன்," என்றான். "கையாலத் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் மூடினேன். பாத்தீங்க இல்ல?"

பெய்ஷெனாலி அண்ணன் தலையை அசைத்தார், ஒரு சின்னப் பையனிடம் பேசுவதுபோல.

"இப்ப வெயில் ஏறிடுச்சுடா. ஓடத்தான் ஓடும்."

டோலோத் என்னைப் பார்த்தான். நீயாவது சொல் என்கிற பார்வை. நான் அன்று காலை மேட்டில் சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது, அவருக்கும் நினைவிருக்கும். சொன்னால் என்ன வரும்? வீடு அவருடையது, அடுப்பு அவருடையது, கரி அவருடையது. பாமீருக்குத் திரும்பிப் போனால் அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? சல்கின் வாசலில் நின்றாள். அவள் கையில் இருந்த கரண்டியிலிருந்து கொழுப்பு பனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்க," என்றாள். "கறி வெந்துடுச்சு."

குதிரை அடித்தால் வீட்டில் இருக்கிற மூத்தவருக்கு இடுப்பெலும்பு வைக்க வேண்டும். அடித்தவன் தன் கையால் வைக்க வேண்டும். அந்த வழக்கத்தை மாற்ற நான் யார்? தட்டில் பெரிய எலும்பாகப் பார்த்து எடுத்துப் பெய்ஷெனாலி அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டார். கத்தியால் சீவிச் சீவி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார், எனக்கும் என் குதிரையிலிருந்து கொடுத்தார்.

"நல்ல கொழுப்பு," என்றார். "நல்லா வெச்சுப் பாத்திருக்க கப்பார். வேற எவனும் குளிர்காலத்துல குதிரைய இப்படிக் கொழுப்பா வெச்சிருக்க மாட்டான்."

டோலோத் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனான். அவன் குதிரை அப்போதுதான் குடித்திருந்தது.

அண்ணன் டீக் கோப்பையைச் சல்கினிடம் நீட்டினார். அவள் ஊற்றிக் கொடுத்தாள், பாதிக்கும் கொஞ்சம் மேலே. விருந்தாளிக்குப் பாதிக் கோப்பைக்கு மேல் ஊற்ற மாட்டோம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் குடித்தார்.

"மனசு ஒடிஞ்சு போவாத," என்றார். "நான் இருக்கேன் இல்ல. அந்தச் சாம்பல் பெட்டை இருக்கே, இளசு. இன்னும் ரெண்டு குளிர்காலம் இரு. அதை ஒனக்குக் குடுத்துடறேன். அதுக்குள்ள அதுவும் சினையாயிடும். என்ன சொல்ற?"

சல்கின் கெண்டியைக் கீழே வைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

"சரிண்ணே," என்றேன்.

பெய்ஷெனாலி அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தார். இந்த வீட்டில் கால்நடை பெருகட்டும், நாய் அண்டாமல் இருக்கட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும் என்று ஆசி சொன்னார். நாங்களும் கைகளை விரித்து, ஆமீன் சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டோம். என் உள்ளங்கைகளில் இன்னும் சுட்டியின் கொழுப்பு இருந்தது. துடைத்திருக்க வேண்டும், நேரம் கிடைக்கவில்லை.